பழக்கூழ் டப்பாவுக்குள் போன கதை

புனேயில் எங்கள் குடியிருப்பில் பதினைந்து தமிழ்க் குடும்பங்களாவது இருக்கும். ஏதாவது ஒரு வீட்டில் குழந்தைக்கு ஆறு மாதம் முடியப் போகிறது என்றால் அடுத்த கேள்வி தயார்: "முதல்ல என்ன குடுக்கறது? கடையில விக்கிற பழக்கூழ் வாங்கலாமா, வீட்டுலயே செய்யலாமா?" ஊரில் என்றால் பாட்டியோ அத்தையோ ஒரு வார்த்தையில் முடித்துவைத்து விடுவார்கள். இங்கே அவர்கள் ஃபோனில்தான் இருக்கிறார்கள். அந்தக் காலி இடத்தில் சூப்பர் மார்க்கெட் அலமாரி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில், அதாவது யார் விற்றார்கள், எப்படி விற்றார்கள், கணக்கு எங்கே இடித்தது என்ற வழியில் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

பழம் மருந்தாக வந்தது

1867ல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே குழந்தைகளுக்கு ஒரு மாவு தயாரித்தார். பால், கோதுமை மாவு, சர்க்கரை, அவ்வளவுதான். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளைக் காப்பாற்ற வந்த பொருள் அது. அதே காலத்தில் இன்னும் பல கம்பெனி மாவுகளும் சந்தைக்கு வந்தன. கொஞ்ச வருடங்களில் ஒரு விசித்திரம் தெரிய ஆரம்பித்தது. வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கு ஈறு வீங்கி, கைகால் தொட்டாலே வலித்து அழுகிற நோய் வந்தது. 1883ல் லண்டன் டாக்டர் தாமஸ் பார்லோ, இது கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்விதான் என்று நிறுவினார். கம்பெனி மாவிலும் டப்பாப் பாலிலும் மட்டுமே வளர்ந்ததில், இன்று நாம் வைட்டமின் சி என்று சொல்வது கிடைக்காமல் போயிருந்தது. மருந்து? கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு.

அதற்கு முன் அமெரிக்க டாக்டர்கள் பலர் இரண்டு மூன்று வயது வரைகூடப் பழம், காய்கறி வேண்டாம் என்றுதான் சொல்லி வந்தார்கள். கோடைக்கால வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவதைப் பார்த்த பயம். 1912ல் வைட்டமின் என்ற பெயரே பிறந்தது. அதற்கடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் டாக்டர்கள் அப்படியே திரும்பி, "பழத்தை மசித்துக் கொடுங்கள்" என்றார்கள். ஆக, டப்பா உணவு உண்டாக்கிய குறையைத் தீர்க்கத்தான் பழத்துக்கு இவ்வளவு மரியாதை வந்தது!

சல்லடையில் இருந்து டப்பாவுக்கு

டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மிக்ஸி இல்லாத காலம். காயையும் பழத்தையும் வேகவைத்து சல்லடையில் தேய்த்து வடிகட்ட வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்ற சின்ன ஊரில் டானியல் கெர்பர் குடும்பம் காய், பழம் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை நடத்தி வந்தது. 1927ல் அவர் மனைவி டோரத்தி, கைக்குழந்தைக்குப் பட்டாணியை வடிகட்டி அலுத்துப்போய், "உங்க தொழிற்சாலையிலயே இதைச் செய்யக் கூடாதா?" என்று கேட்டதாகக் கம்பெனி சொல்லும் கதை. 1928ல் விற்பனை ஆரம்பம். பட்டாணி, கேரட், கீரை, மாட்டிறைச்சி சேர்த்த காய்கறி சூப்போடு வந்த ஒரே பழம், உலர்ந்த ப்ளம். இதே யோசனையில் நியூயார்க் மாநிலத்தில் ஹரால்ட் க்ளாப் என்பவர் 1921லேயே தொழில் தொடங்கியிருந்தார். ஆனால் மளிகைக் கடை மளிகைக் கடையாகப் போனவர் கெர்பர். பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, கூப்பனோடு உங்கள் மளிகைக்கடைக்காரர் பெயரையும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். வாடிக்கையாளரை வைத்தே கடைக்காரரைப் பிடிக்கும் வித்தை. எங்கள் மார்க்கெட்டிங் பயிற்சியில் இதைத்தான் இன்னமும் புதிதுபோல் சொல்லித்தருகிறார்கள்.

நியாயமாகச் சொன்னால் அந்த டப்பா நல்லதும் செய்தது. பனிக்காலத்தில் காய்கறி கண்ணில் படாத வீடுகளுக்கு அது பெரிய உதவி. சிக்கல் அப்புறம்தான். விற்பனை கூட வேண்டுமென்றால் குழந்தைகள் சீக்கிரம் சாப்பிட ஆரம்பிக்க வேண்டுமே. 1950களில் அமெரிக்காவில் நான்கு ஆறு வாரக் குழந்தைக்கே திட உணவு கொடுப்பது சகஜமாகிவிட்டது. டப்பாவைத் திறந்து ருசி பார்ப்பது அம்மா என்பதால், அம்மா நாக்குக்காக உப்பும் சர்க்கரையும் சேர்ந்தன. சீன உணவில் போடும் எம்.எஸ்.ஜி.கூட இருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பின் 1969ல் அதை நிறுத்தினார்கள்.

கணக்கு இடித்த இடம்

எனக்கு ரொம்பப் பாடம் சொன்ன சம்பவம் பீச்நட் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியை 1979ல் நெஸ்லே வாங்கியது. குழந்தைகளுக்கு "நூறு சதவீதம் ஆப்பிள் சாறு" என்று விற்றார்கள். உள்ளே இருந்தது சர்க்கரைத் தண்ணீரும் வாசனையும் நிறமும். மூலப்பொருள் சந்தை விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாகக் கிடைத்தது! வங்கிக்காரனுக்கு இந்த ஒரு வரி போதும், ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவான். அவர்களுடைய ஆராய்ச்சித் தலைவர் ஜெரோம் லிகாரி 1981ல் எழுத்து மூலமாக எச்சரித்தார். கேட்கவில்லை. அவர் வேலையை விட்டு வெளியேறினார். 1987ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. குழந்தை "இது ஆப்பிள் இல்லை" என்று புகார் சொல்லாது. இந்த வியாபாரத்தின் முழு ஆபத்தும் அந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியா இதில் பலரை முந்திக்கொண்டது. 1992ல் குழந்தைப்பால் மாற்று, புட்டிகள் பற்றிய சட்டம் வந்தது. 2003 திருத்தம், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான குழந்தை உணவுக்கும் விளம்பரத் தடை போட்டது. குழந்தை படமோ தாய் படமோ அட்டையில் போடக் கூடாது. ஆறு மாதம் என்பது 2001ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு: அதுவரை தாய்ப்பால் மட்டும்.

சட்டம் இருந்தும் 2024ல் ஒரு செய்தி வந்தது. நெஸ்லேயின் செரிலாக்கில் இந்தியாவில் ஒரு வேளைக்கு சராசரி 3 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கப்படுகிறது, ஐரோப்பிய நாடுகளில் அதே வகைகள் சர்க்கரை இல்லாமல் விற்கின்றன என்று சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு வெளியிட்டது. கம்பெனி, சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வருவதாகச் சொன்னது. அந்த வருடமே சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. யாராவது கேட்டால்தான் குறைகிறது, 1969லும் சரி, 2024லும் சரி.

இட்லிப் பானை போதும்

கெர்பர் வீட்டு அம்மாவுக்கு இருந்த கஷ்டம் இன்று நமக்கு இல்லை. ஆப்பிளைத் தோல், விதை நீக்கி நறுக்கி, இட்லிப் பானையில் பத்து நிமிடம் வேகவைத்து மசித்தால் முடிந்தது. வாழைப்பழம், பப்பாளிக்கு ஒரு ஸ்பூன் போதும். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் நேந்திரம்பழத்தை ஆவியில் வேகவைத்து, நடுவில் இருக்கும் கறுப்பு விதை நாரை எடுத்துவிட்டு மசிப்பார்கள். இங்கே மலையாளிக் கடைகளில் கிடைக்கிறது. சர்க்கரை வேண்டாம், உப்பு வேண்டாம். தேன் நம் வழக்கம் என்றாலும் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் வரும் பாக்டீரியா விஷம் கைக்குழந்தையை முடக்கிவிடும். பழத்தோடு நின்றுவிடவும் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் இரும்புச்சத்து அவசியம் என்பதால் பருப்பு, கேழ்வரகு, முட்டை என்று சீக்கிரம் நகர வேண்டும். எதை எப்போது என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் பயணத்துக்கு ஒரு டப்பா வாங்கினால் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குமுன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நான் தினமும் சொல்கிற அதே புத்திமதிதான்.

உங்கள் ஊர்ப் பக்கம் முதல் உணவாக என்ன கொடுப்பார்கள்? அம்மாவிடமோ மாமியாரிடமோ இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.