இரண்டரை லட்சம் வேண்டாம் என்று சொன்ன பல்கலைக்கழகம்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு நான் அதிகம் கேட்ட பெயர்களில் ஒன்று ஆசுதோஷ் முகர்ஜி. பவானிப்பூரில் அவர் பெயரில் ரோடு, காலேஜ் ஸ்ட்ரீட்டில் அவர் பெயரில் கட்டடம், அவர் பெயரில் கல்லூரி. நம்மூரில் அந்தப் பெயர் சி.வி. ராமனைப் பற்றிய பாடத்தில் ஒரு வரியாக வந்து போகும், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய தகராறு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் யாரை வேலைக்கு வைப்பது, அதை யார் முடிவு செய்வது, சம்பளப் பணம் தருகிறவனுக்கு அதில் எவ்வளவு உரிமை என்ற தகராறு. நான் வரலாறு படித்தவன் இல்லை, பி.காம். ஆனால் கடன் கொடுப்பதும் அதற்கு நிபந்தனை போடுவதும் என் தினப்படி வேலை. அந்தக் கண்ணோட்டத்தில் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி.

கல்கத்தா பல்கலைக்கழகம் 1857 ஜனவரியில் ஆரம்பமானது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த மாதிரி. அதாவது பாடம் நடத்தாது, தேர்வு மட்டும் நடத்தும். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. சென்னையும் பம்பாயும் அப்படித்தான். 1904இல் கர்சன் பிரபு ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதில் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்டார். பல்கலைக்கழகங்கள் இனி சொந்தமாகப் பேராசிரியர்களை வைத்துப் பாடம் நடத்தலாம் என்றது சட்டம். ஆனால் செனட்டில் நூறு பேருக்கு மேல் கூடாது, அதில் எண்பது சதவிகிதம் அரசுத் தரப்பு நியமனம் என்றும் சொன்னது. படித்த இந்தியர்கள் கொதித்தார்கள். சட்டசபையில் எதிர்த்துப் பேசியவர்களில் ஆசுதோஷும் ஒருவர்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தைப் பயன்படுத்திப் பெரிய காரியம் செய்தவரும் அவரேதான். கணிதம் படித்து, பிறகு வக்கீலாகி, 1904இல் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனவர். 1906இல் துணைவேந்தர். இரண்டிரண்டு வருடமாக நான்கு முறை, 1914 வரை. பகலில் கோர்ட், மற்ற நேரமெல்லாம் பல்கலைக்கழகம். துணைவேந்தர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. சட்டம் தந்த சின்ன இடைவெளிக்குள் புகுந்து, தேர்வு நடத்தும் ஆபீஸாக இருந்ததை முதுகலைப் பாடமும் ஆராய்ச்சியும் நடக்கும் இடமாக மாற்றினார்.

அதற்குப் பணம்? அரசு கொடுத்தது கொஞ்சம்தான். பெரும் பணம் இரண்டு வக்கீல்களிடமிருந்து வந்தது. 1912இல் தாரக்நாத் பாலித் நிலம், வீடு, ரொக்கம் எல்லாமாகச் சுமார் பதினைந்து லட்சம் கொடுத்தார். 1913இல் ராஷ்பிஹாரி கோஷ் பத்து லட்சம் கொடுத்தார். அந்தக் காலத்துப் பணம், நினைவிருக்கட்டும். 1914 மார்ச்சில் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்று ராஜாபஜார் சயின்ஸ் காலேஜ் என்று சொல்கிறோமே, அதுதான்.

இந்த நன்கொடைகளும் சும்மா வரவில்லை. நிபந்தனையோடுதான் வந்தன. பேராசிரியர்கள் இந்தியர்களாகவே இருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. அரசுக் கல்லூரிகளில் உயர்ந்த பதவியும் உயர்ந்த சம்பளமும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. பாலித் பத்திரத்தில் வெளிநாட்டுப் பயிற்சி பற்றியும் ஒரு நிபந்தனை இருந்தது.

இங்கேதான் நம்ம ஊர்க்காரர் வருகிறார்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் அப்போது அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் அதிகாரி. 1907இல் கல்கத்தாவில் போஸ்டிங். பிறகு ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல், 1911இல் மறுபடியும் கல்கத்தா. (மாற்றல் உத்தரவு யாரையும் விடுவதில்லை!) காலையிலும் மாலையிலும் பவ்பஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்தில் ஆராய்ச்சி, நடுவில் அரசாங்கக் கணக்கு. ஆசுதோஷ் அவரைப் பாலித் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். வெளிநாடு போய்ப் பயிற்சி பெற மாட்டேன் என்று ராமன் சொல்லிவிட்டார். ஆளா, விதியா என்ற கேள்வி வந்தபோது பல்கலைக்கழகம் ஆளைத் தேர்ந்தெடுத்து, விதியைத் தளர்த்தியது. 1917இல் ராமன் அரசு வேலையை உதறிவிட்டு, கணிசமாகக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1921இல் மைசூரிலிருந்து தத்துவப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். வேதியியலில் பி.சி. ராய். இளம் விரிவுரையாளர்களாக மேக்நாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ். எந்த ஜில்லா, எந்த மொழி என்று பார்க்காமல் இந்தியா முழுவதிலிருந்தும் ஆள் எடுத்தார்கள்.

ஆனால் எல்லா நியமனமும் இப்படிச் சுலபமாக முடியவில்லை. 1913இல் அப்துல் ரசூல், அப்துல்லா சுஹ்ரவர்தி, ஜயஸ்வால் என்ற மூன்று பேரை விரிவுரையாளர்களாகப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது. இந்திய அரசு ஒப்புதல் தர மறுத்தது. அவர்களுக்கு அரசியல் தொடர்பு உண்டு என்பதுதான் காரணமே தவிர, படிப்பு போதாது என்பதல்ல. இந்த ஜயஸ்வால்தான் பிற்காலத்தில் பண்டைய இந்திய வரலாற்றில் பெரிய பெயர் எடுத்த காசி பிரசாத் ஜயஸ்வால். அரசின் ஒப்புதல் என்ற ஒரு வரி ஒரு மனிதனின் வேலையை என்ன செய்யும் என்று ஆசுதோஷ் பார்த்துவிட்டார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1917இல் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. கலைக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என இரண்டு முதுகலைக் கவுன்சில்கள் அமைத்தார்கள். பாடம் நடத்தும் ஆசிரியர்களே அதில் உறுப்பினர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர்கள் கொண்ட ஒரு போர்டு. பாடத்திட்டம் என்ன, தேர்வு எப்படி என்பதையெல்லாம் வகுப்பெடுப்பவர்களே உட்கார்ந்து பேசினார்கள். மேலே செனட்டில் அரசு நியமனக்காரர்கள் நிறைந்திருந்தாலும், கீழே ஆசிரியர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. இன்று பல பல்கலைக்கழகங்களில் இது பேருக்குத்தான் இருக்கிறது.

இனி பணப் பிரச்சினை. பல்கலைக்கழகத்தின் பெரிய வருமானம் தேர்வுக் கட்டணம், அதிலும் மெட்ரிகுலேஷன் கட்டணம். எங்கள் பாஷையில் சொன்னால் ஒரே கஸ்டமரை நம்பிய வியாபாரம். ஒரு காலத்தில் பர்மாவிலிருந்து பீகார் வரை எல்லா மாணவர்களும் இங்கேதான் தேர்வு எழுதினார்கள். 1917இல் பாட்னா பல்கலைக்கழகம் பிரிந்தது. 1920இல் ரங்கூன், 1921இல் டாக்கா. போதாக்குறைக்கு 1920-21இல் ஒத்துழையாமை இயக்கம், மாணவர்கள் வகுப்பையும் தேர்வையும் புறக்கணித்தார்கள். வருமானம் சரிந்தது, சம்பளச் செலவோ அப்படியே நின்றது. முதுகலை ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாக்கி விழுந்தது.

இதற்குள் அரசும் மாறிவிட்டது. 1921இல் பல்கலைக்கழகம் இந்திய அரசிடமிருந்து வங்காள மாகாண அரசின் கைக்கு வந்தது. வைஸ்ராய்க்குப் பதில் கவர்னர் வேந்தரானார். இரட்டையாட்சியில் கல்வி இந்திய மந்திரியின் இலாகா. அந்த மாகாண அரசிடமும் பணம் தாராளமாக இல்லை. அதே 1921இல் ஆசுதோஷ் மறுபடி துணைவேந்தரானார்.

1922இல் வங்காள அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தருகிறேன் என்றது, நிபந்தனைகளோடு. புதிய பொறுப்புகளைச் சுமத்தும் விரிவாக்கம் கூடாது, வரவுசெலவு விவரத்தை மாதாமாதம் அரசுக்கு அனுப்ப வேண்டும் என்ற ரீதியில் போகும் பட்டியல் அது.

உண்மையைச் சொன்னால், இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. எங்கள் சாங்ஷன் லெட்டர் எதை எடுத்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடு, எங்கள் முன் அனுமதியில்லாமல் விரிவாக்கம் செய்யாதே. வரிப்பணத்தைக் கொடுக்கிறவன் கணக்கு கேட்பதில் என்ன தப்பு? அன்றைக்கும் அப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் ஆசுதோஷின் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்தார். ராமானந்த சட்டர்ஜியின் மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையும் விடவில்லை. கையில் பணமில்லாமல் துறைகளைத் திறந்துகொண்டே போகிறார், தரம் இறங்குகிறது, வேண்டியவர்களுக்கு வேலை கொடுக்கிறார் என்றெல்லாம் குற்றச்சாட்டு. எல்லாமே பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு மனிதரைச் சுற்றியே ஒரு நிறுவனம் சுழன்றால் இந்தப் பேச்சு வரத்தான் செய்யும்.

1922 டிசம்பர் 2ஆம் தேதி செனட்டில் ஆசுதோஷ் பேசினார். ஒரு கையில் அடிமைத்தனமும் மறு கையில் பணமும் நீட்டினால் அதை வெறுத்து ஒதுக்குவேன் என்றார். செலவைக் குறைப்போம், பட்டினி கிடப்போம், வங்காளம் முழுக்க வீடு வீடாகப் போவோம் என்றார். முதலிலும் சுதந்திரம், இரண்டாவதும் சுதந்திரம், எப்போதும் சுதந்திரம் என்ற பொருளில் முடித்தார். இன்றும் வங்காளிகள் சொல்லிச் சொல்லிப் பூரிக்கும் பேச்சு அது.

எனக்கு ஒரு நெருடல் உண்டு. நம் முதுகலை ஆசிரியர்கள் சுதந்திரத்தை விடுவதைவிடப் பட்டினி கிடப்பார்கள் என்றும் அந்தப் பேச்சில் வருகிறது. பேசியவர் ஹைகோர்ட் ஜட்ஜ், அவருக்கு மாதச் சம்பளம் தவறாது. பட்டினி கிடக்க வேண்டியவர் பாக்கிச் சம்பளத்துக்குக் காத்திருக்கும் விரிவுரையாளர், அவர் வீட்டில் வாடகையும் பால்காரனும் உண்டு. மேடையில் இருப்பவர் கொள்கை பேச, கீழே இருப்பவர் விலை கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. விலையும் சின்னதல்ல. சத்யேந்திரநாத் போஸ் 1921இலேயே டாக்காவுக்குப் போயிருந்தார். சாஹா 1923இல் அலகாபாத்துக்குப் போய்விட்டார். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பி.சி. ராய் அறுபது வயதுக்குப் பிறகு, அதாவது 1921 முதல், தன் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். தன் காசைப் போட்டுவிட்டுக் கொள்கை பேசியவர் அவர்.

அப்படியானால் ஆசுதோஷ் பிடிவாதக்காரரா? அடுத்த நான்கு மாதத்தில் பதில் கிடைத்தது.

அவருடைய பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1923 மார்ச் 24ஆம் தேதி, கவர்னர் லிட்டன் பிரபு ஒரு கடிதம் எழுதினார். மறுபடி துணைவேந்தராக்குகிறேன், ஆனால் எதிர்ப்பை விட்டு முழு மனதோடு ஒத்துழைக்க வேண்டும் என்றார். அரசு கொண்டுவர இருந்த பல்கலைக்கழகச் சட்டத்துக்கு எதிராகப் பத்திரிகைகளில் எழுதவைத்தது, மைக்கேல் சாட்லரிடமும் இந்திய அரசிடமும் அஸ்ஸாம் அரசிடமும் முறையிட்டது எல்லாவற்றையும் குற்றமாகப் பட்டியல் போட்டிருந்தார். (சாட்லர் யாரென்றால், 1917-19இல் இந்தப் பல்கலைக்கழகத்தை ஆராய்ந்த கமிஷனின் தலைவர். ஆசுதோஷும் அதில் உறுப்பினர்.)

பாருங்கள், இந்தக் கடிதத்தில் கணக்கு வழக்கு முக்கியமில்லை, வாயை மூடு என்பதுதான் முக்கியம். கடன் வாங்கியவன் மாதாமாதம் ஸ்டேட்மென்ட் தர வேண்டும் என்று பேங்க் கேட்கலாம். எங்களைப் பற்றி யாரிடமும் புகார் சொல்லக் கூடாது, கடையில் யாரை வேலைக்கு வைப்பது என்று எங்களைக் கேட்டுச் செய் என்று எழுதினால் அதன் பெயர் கடன் நிபந்தனையா? பாலித்தின் நிபந்தனை, பதவியில் உட்காருகிறவரின் தகுதியைப் பற்றியது. தேவைப்பட்டபோது ராமனுக்காக அதைத் தளர்த்தவும் முடிந்தது. லிட்டனின் நிபந்தனை, பதவியில் இருப்பவர் என்ன பேசலாம் என்பதைப் பற்றியது. நிபந்தனை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எதன்மேல் நிபந்தனை என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆசுதோஷ் மார்ச் 26ஆம் தேதியே பதில் எழுதிவிட்டார். எஜமானின் குறிப்பறிந்து நடக்கும் துணைவேந்தர் வேண்டுமானால் அப்படி ஒருவரை நீங்கள் தேடிக்கொள்ளலாம், இந்த அவமானகரமான அழைப்பை ஏற்க மாட்டேன் என்பது சாரம். கடிதங்கள் பத்திரிகைகளில் வந்து ஊரே பேசியது. அரசு பூபேந்திரநாத் பாசுவைத் துணைவேந்தராக்கியது. ஆசுதோஷ் அந்த வருடமே ஹைகோர்ட்டிலிருந்து ஓய்வு பெற்றார். ஒரு வழக்கில் வாதாட பாட்னா போன இடத்தில் 1924 மே 25ஆம் தேதி இறந்துபோனார். வயது 59.

அவர் கட்டியது நின்றதா? நின்றது. முதுகலைத் துறைகள் மூடப்படவில்லை. விமர்சித்த ஜதுநாத் சர்க்காரே 1926இல் துணைவேந்தராகி இரண்டு வருடம் இருந்தார். 1928 பிப்ரவரி 28இல் ராமன் தன் ஒளிச்சிதறலைக் கண்டார், கூட இருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1930இல் நோபல் பரிசு. அந்தச் சமயத்தில் ராமன் வகித்தது, விதியைத் தளர்த்திக் கொடுத்த அதே பாலித் நாற்காலிதான்.

நூறு வருடம் ஆகியும் வாக்குவாதம் ஓயவில்லை. 2022இல் தமிழ்நாட்டுச் சட்டசபை துணைவேந்தர்களை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கே தரும் மசோதாவை நிறைவேற்றியது. அதே வருடம் மேற்கு வங்கம் முதல்வரே வேந்தர் என்று ஒரு மசோதா நிறைவேற்றியது. கவர்னரா, முதல்வரா என்று தொலைக்காட்சியில் சண்டை நடந்தது. ஆசிரியர்களா என்று கேட்டவர் குறைவு. 1917இன் கவுன்சில்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று அந்த நாற்காலியின் வேலை தெரிந்தவர்கள் பேச ஓர் இடம் வேண்டும். சம்பளம் தருகிறவர் கணக்கு கேட்கட்டும், கண்டிப்பாகக் கேட்கட்டும். மீதியை வகுப்பெடுப்பவர்களிடம் விட்டுவிடலாம்.

ராமன் 1933இல் ஏன் கல்கத்தாவை விட்டு பெங்களூர் போனார் என்பது தனிக் கதை. நேரம் கிடைத்தால் இன்னொரு பதிவில். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்குப் பிறகுதான் அதுவும் :-)