தேயிலை இறங்கிய மலை

மூணாறு போகிறவர்கள் எங்கள் போடியில் டீ குடிக்க நிற்பதோடு சரி. ஊரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் மனசு ஆறவில்லை. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை வெளியுலகம் பார்த்ததே போடி வழியாகத்தான்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற பிரிட்டிஷ்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் மூணாறு இருக்கும் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பிறகு அங்கே தேயிலை வந்தது. விளைந்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வழி வேண்டுமே! கிழக்கே மலை செங்குத்தாக இறங்கினாலும், இறங்கிவிட்டால் தூத்துக்குடி வரை சமவெளி. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடுகளை வைத்து இழுத்தார்கள். 1908-இல் இரண்டு அடி அகலப் பாதையும் நீராவி இன்ஜினும் வந்தன. ரயில் மலை விளிம்பில் டாப் ஸ்டேஷனோடு நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்பில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி. தோட்டத்து ஜனங்களுக்கு அரிசி, பருப்பு எல்லாம் கீழிருந்துதான் மேலே ஏற வேண்டும்.

1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி தண்டவாளம் போடவே இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மேலே ரயில் அழிந்து நாலு வருஷம் கழித்து! அந்த இரண்டு ரயிலும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் எங்கள் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். 1931-இல் மூணாற்றிலிருந்து ஆலுவாவுக்குச் சாலை திறந்தபின் தேயிலை மெல்ல மேற்கே திரும்பியது.

போடியைத் தாங்கிப் பிடித்தது ஏலக்காய். மலையில் பறித்த பச்சைக்காயை ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் போட்டு உலர்த்தினால் ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ தேறும். அது இங்கே வந்ததும் சல்லடையில் அளவு பிரிப்பார்கள். எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கிற காய்க்குத் தனி மதிப்பு. அப்புறம் பெண்கள் உட்கார்ந்து காம்பு கிள்ளி, வெடித்ததையும் நிறம் வெளுத்ததையும் ஒதுக்குவார்கள். பேச்சு அது பாட்டுக்குப் போகும், கை காயை விட்டு நகராது.

போடியிலிருந்து மலைக்குப் போகும் வழியில், முந்தலில் குரங்கணிக்குப் பிரியும் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கொட்டகுடி. மூணாற்று அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள். நேரே போனால் புலியூத்து, பதினேழு கொண்டை ஊசி வளைவு, போடிமெட்டு. அதைத் தாண்டினால் பூப்பாறை, தேவிகுளம். 1956-இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. தோட்டங்களில் தமிழ்ப் பேச்சு போகவில்லை.

விடியற்காலையில் போனால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் வரிசையாக ஏறும். தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். மலையை இன்றைக்கும் நடத்துகிறவர்கள் அவர்கள்தான். வளைவில் பின்னால் ஹாரன் கேட்டால் வண்டியை ஒதுக்கி முதலில் அவர்களுக்கு வழி விடுங்கள். தாமதமானால் அன்றைய கூலியில் பிடித்துவிடுவார்கள்.