பாகாயத்துக்கு வந்த சக்கர நாற்காலி

மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறியவர், லாரி மோதியவர் என முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவர்கள் வேலூர் பாகாயத்துக்கு வருகிறார்கள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் வெளியேற்றுவது, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அங்கே பாடம். அந்த மறுவாழ்வு மையத்தைத் தொடங்கியவரும் அதே பாடங்களைப் படித்தவர்தான்.

மேரி வர்கீஸ் கொச்சிப் பக்கத்துப் பெண். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே மருத்துவரானவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு அவர் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் காயம், முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் இரண்டும் செயலிழந்தன. வயது 28.

விபத்து அவருக்கு நல்லது செய்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எழுந்து நிற்க முடியாத மருத்துவருக்கு என்ன வேலை இருக்கிறது என்ற கேள்வியோடு அவர் படுத்துக்கிடந்த நாட்களை அப்படித் தள்ளிவிட முடியாது.

அந்தக் கேள்விக்கு ஒரு வழி சொன்னவர் பால் பிராண்ட். தொழுநோயில் நரம்பு செத்து விரல்கள் மடங்கிப்போகும். நல்ல தசை ஒன்றின் தசைநாரை எடுத்து வேறிடத்தில் இணைத்து அந்த விரல்களை நிமிர்த்தும் அறுவையை வேலூரில் வளர்த்தவர் அவர். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்றார். மேரி செய்தார். சக்கர நாற்காலியில் வந்து தன் கையைத் தொட்ட டாக்டரம்மாவைத் தொழுநோயாளி எப்படிப் பார்த்திருப்பார்! ஊர் தொடத் தயங்கிய கை அது. இன்னொன்றும் உண்டு: உணர்வற்ற பாதத்தில் புண் வருவது நோயாளிக்குத் தெரியாது. உணர்வற்ற இடுப்பில் புண் வருவது மேரிக்கும் தெரியாது. இருவரும் கண்ணால் பார்த்துத்தான் உடம்பைக் காக்க வேண்டும்.

பிறகு மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழப் பழகிக்கொண்டார். அடுத்து நியூயார்க்கில், போரில் ஊனமுற்ற வீரர்களுக்காகப் புதிய மருத்துவத்துறையையே வளர்த்த ஹோவர்ட் ரஸ்கிடம் படித்தார். உயிரைக் காப்பாற்றியதோடு மருத்துவரின் வேலை முடியவில்லை என்பது அந்தத் துறையின் அடிப்படை. அன்று நம் ஊரிலோ, முதுகுத்தண்டு முறிந்தவரை வீட்டுக்கு அனுப்பினால் அத்தோடு சரி. திண்ணையில் கிடந்து, புண் வைத்து, சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்வார்.

மேரி திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பழகும் மறுவாழ்வு மையம் திறந்தது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல். 1972இல் பத்மஸ்ரீ வந்தது. 1986இல் அவர் காலமானார்.

புதிதாக வரும் நோயாளி, இனி என்ன என்று கேட்டிருப்பார். பதில் சொல்ல வேண்டியவர் எதிரே இன்னொரு சக்கர நாற்காலியில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு, அவரது கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.