அரிய தீங்கற்ற அட்ரீனல் கட்டிகள்: அறுவை மருத்துவத்தின் வரலாறு

அட்ரீனல் சுரப்பிகள் சிறுநீரகங்களின் உச்சியில் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் எடை கொண்டது. வெளிப்புறணி கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் ஆகியவற்றையும், உட்பகுதி அட்ரீனலினையும் சுரக்கிறது. இச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்லாதவை. அவற்றுள் அடினோமா பரவலானது. கொழுப்பும் எலும்பு மஜ்ஜையும் கலந்த மைலோலிப்போமா, நரம்புத் திசுவிலிருந்து வரும் கேங்லியோநியூரோமா, ஷ்வானோமா, இரத்தக்குழாய்க் கட்டி, நீர்க்கட்டி ஆகியவை அரியவை. அட்ரீனலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமாவும் நெடுங்காலம் இவ்வரிசையில்தான் இருந்தது. ஆனால் அத்தகைய எந்தக் கட்டியும் பிற்காலத்தில் பரவக்கூடும் என்பதால், 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதைத் ‘தீங்கற்றது’ என்று அழைப்பதைக் கைவிட்டது. இக்கட்டிகளுக்கான அறுவையின் வரலாறு வழக்கமாகக் கத்தியின் வரலாறாகவே எழுதப்படுகிறது: முதலில் நீண்ட கீறல், பிறகு சிறு துளை, இப்போது ரோபோ. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நோயாளிகள் பிழைக்கத் தொடங்கியதற்கு முதற்காரணம், அறுவைக்கு முன்னால் மருத்துவர்கள் தெரிந்துகொண்ட செய்திகளே.

1886-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் திடீரென இறந்த 18 வயதுப் பெண்ணின் இரு அட்ரீனல்களிலும் கட்டிகள் இருந்ததை ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கெல் விவரித்தார். அக்கட்டிக்கு ‘ஃபியோகுரோமோசைட்டோமா’ என்று லுட்விக் பிக் பெயரிட்டது 1912-இல். 1926-இல் லோசானில் செசார் ரூவும், அதே ஆண்டில் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் சார்லஸ் மேயோவும் அதை வெற்றிகரமாக அகற்றினார்கள். ஆனால் வயிற்றைத் திறக்கும்போது உள்ளே இருப்பது இன்ன கட்டி என்று இருவருக்கும் தெரியாது. கத்தி வைப்பதற்கு முன்பே இந்நோயைச் சரியாகக் கணித்த முதல் நிகழ்வு 1929-இல், பால்டிமோரில் மாரிஸ் பின்காஃப்ஸ் செய்தது. ஆகவே முதல் வெற்றிகளில் கைத்திறமையோடு நற்பேறும் சேர்ந்திருந்தது. ஃப்ரெங்கெல் எழுதிய பெண்ணின் வழிவந்த உறவினர்களிடம் ‘ரெட்’ மரபணு மாற்றம் இருப்பது 2007-இல் உறுதியானது. அவருடைய நோயின் முழுக் காரணத்தை அறிய 120 ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

இந்தக் கட்டியைக் கையால் தொட்டாலே அட்ரீனலின் இரத்தத்தில் பாய்ந்து இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். கட்டியிலிருந்து செல்லும் சிரையைக் கட்டியதும் அதே அழுத்தம் சரிந்து விழும். நீண்ட நாள் சுருங்கியிருந்த குழாய்களில் இரத்தத்தின் அளவே குறைந்திருக்கும் என்பதே இதன் காரணம். இதை உணர்ந்தபின், ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுக்கும் ஃபினாக்சிபென்சமின் மருந்தைச் சில நாட்களோ வாரங்களோ முன்பே கொடுத்து, உப்பும் நீரும் ஏற்றி உடலைத் தயார்செய்யும் முறை வந்தது. இந்தியாவில் அதற்குப் பதிலாக மலிவான பிரசோசின் மாத்திரையும் பரவலாகப் பயன்படுகிறது. பீட்டா தடுப்பான்களை முதலில் கொடுத்துவிட்டால் அழுத்தம் இன்னும் மோசமாகலாம் என்பதால் மருந்தின் வரிசைகூட உயிர்ப் பிரச்சினைதான். கார்ட்டிசால் சுரக்கும் அடினோமாவின் கதையும் இப்படிப்பட்டதே. ஒரு பக்கக் கட்டி அளவின்றிச் சுரந்தால் மறுபக்கச் சுரப்பி சோம்பிச் சுருங்கிவிடும். கட்டியை எடுத்த பின் உடலுக்குக் கார்ட்டிசால் கிடைக்காமல், அறுவை வென்றும் ஆள் இறந்த காலம் உண்டு. 1949-இல் கார்ட்டிசோன் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த பிறகே அது மாறியது.

உண்மையான திருப்பம் 1992-இல் மிஷேல் கேக்னர் லேப்ராஸ்கோப்பி வழியே அட்ரீனலை அகற்றியதுதான் என்று சொல்லி இக்கருத்தை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. விலா எலும்புகளுக்கு அடியில் நீண்ட கீறல் போட்டு எடுத்த காலத்தோடு ஒப்பிட்டால் வலி, இரத்த இழப்பு, படுக்கை நாட்கள் எல்லாம் வெகுவாகக் குறைந்தன. முதுகுப்புறமாக நுழையும் முறையை ஜெர்மனியின் எஸ்ஸனில் மார்ட்டின் வால்ஸ் செம்மைப்படுத்தியது மேலும் ஒரு நல்ல அடி. ஆனால் ஃபியோகுரோமோசைட்டோமா அறுவையில் மரணங்கள் குறைந்தது 1992-க்கு முன்பே, மயக்க மருந்தும் முன்தயாரிப்பும் தேறியபோதே நிகழ்ந்துவிட்டது. துளை வழி அறுவையிலும் ஆபத்தான இடம் மாறவில்லை: வலப்பக்க அட்ரீனல் சிரை மிகக் குட்டையானது, நேரே கீழ்ப் பெருஞ்சிரையில் சேர்வது, அங்கே ஒரு கிழிசல் என்றால் இரத்தம் கொட்டும். ஆண்டுக்குக் குறைந்தது 6 அட்ரீனல் அறுவைகளாவது செய்பவரிடமே இவ்வறுவையை ஒப்படைக்க வேண்டும் என்று ஐரோப்பிய அறுவை நிபுணர்கள் கூறுவதன் பின்னணி இது.

இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். அறுவை எளிதானதும், எடுக்கத் தேவையில்லாத கட்டியையும் எடுத்துவிடும் ஆசை வளர்ந்தது. வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் கட்டிகளே இன்று பெரும்பகுதி. மருந்து ஏற்றாத ஸ்கேனில் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு மேற்படாமல், சீரான உருவோடு, ஹார்மோன் சுரக்காமல் இருக்கும் கட்டிக்கு அறுவை வேண்டாம். மறுபடி மறுபடி ஸ்கேனும் வேண்டாம் என்று 2023-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. ‘வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது’ என்று நோயாளி கேட்பது நியாயமான அச்சம். ஆனால் கொழுப்பு தெளிவாகத் தெரியும் மைலோலிப்போமா புற்றாக மாறுவதில்லை. பெரிதாகி அழுத்தினாலோ, உள்ளே இரத்தம் கசிந்தாலோ மட்டுமே அறுவை தேவை. வங்காளத்தில் பரவலான ஹீமோகுளோபின் ஈ–பீட்டா தலசீமியா உள்ளவர்களிடம் கட்டி என்று முடிவுசெய்வது கூடுதல் கவனம் கோருகிறது. மஜ்ஜைக்கு வெளியே இரத்தம் உருவாகும் திசு அவர்களுக்கு அட்ரீனலிலும் வளரக்கூடும். ஸ்கேனில் அது கட்டிபோலவே தெரியும். இரு அட்ரீனல்களும் வீங்கியிருந்தால் காசநோயையும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையையும் நினைக்க வேண்டும். இந்தியாவின் முதல் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் நோயாளியைப் பற்றி பாஞ்சாவும் சென்னும் 1954-இல் எழுதியது கொல்கத்தாவிலிருந்துதான். அதற்கு வேண்டியது பூஞ்சைக்கொல்லி மருந்து, கத்தி அல்ல. ஊசிவழித் திசுச் சோதனைக்கு முன்னர்கூட ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். தவறினால் ஊசி முனையே அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும்.

கொல்கத்தாவின் தென்மேற்கில் உள்ள பெஹாலாவைப் போன்ற பகுதிக்கு இந்த வரலாறு நேரடியாகப் பொருந்துகிறது. வித்யாசாகர் மாநிலப் பொது மருத்துவமனை அங்கேயே இருக்கிறது. டைமண்ட் ஹார்பர் சாலை வழியே வடக்கே போனால், மக்கள் பி.ஜி. என்று அழைக்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும் அதன் நாளமில்லாச் சுரப்பி மருத்துவத் துறையும் எட்டும் தொலைவில்தான். பெரிய மையத்தில்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்ற வாதம் அறுவைக்குச் சரி, முதல் ஐயத்துக்குச் சரியல்ல. இளவயதில் அடங்காத இரத்த அழுத்தம், காரணமின்றிக் குறையும் பொட்டாசியம், தலைவலியும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வந்து போகும் தாக்குதல்கள் ஆகியவை தென்படுவது அக்கம்பக்கத்துப் புறநோயாளர் பிரிவில்தான். இரவு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் காலை கார்ட்டிசால் பார்ப்பதற்கும், 24 மணிநேரச் சிறுநீர் சேகரித்து அட்ரீனலினின் சிதைபொருளான மெட்டாநெஃப்ரினை அளக்க அனுப்புவதற்கும் அறுவை அரங்கு வேண்டாம். அறுவை முடிந்து வீடு திரும்பியவரின் தொடர்கவனிப்பும் அங்கேதான் நடக்க வேண்டும்: கார்ட்டிசால் கட்டி எடுக்கப்பட்டவருக்கு மாற்று மாத்திரை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும்; ஃபியோகுரோமோசைட்டோமா எடுக்கப்பட்டவருக்கு ஆண்டுதோறும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனையும், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்றறிய மரபணுச் சோதனையும் தேவை.