பழைய சோறும் கள்ளும்

பேராக் ஆறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கும் பாகான் டத்தோ, தென்னைக்குப் பேர்போன வட்டாரம். அங்கும் மற்றத் தோட்டங்களிலும் பாடுபட்ட தமிழர்களுக்கு இரண்டு புளிப்புகள் நன்கு பழக்கம். ஒன்று, பெரட்டுக்குப் போகுமுன் மங்கில் ஊற்றிக் குடித்த பழைய சோற்று நீர். மற்றொன்று, மாலையில் கள்ளுக்கடையில் குடித்த கள். இரண்டையும் புளிக்க வைத்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தாம்.

கள்ளிலும் நல்ல பாக்டீரியா உண்டு என்று வாதிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். உண்டுதான். ஆனால் ஈஸ்ட் உண்டாக்கும் சாராயச் சத்து குடலின் உட்சுவரைப் புண்படுத்துகிறதே! 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். கள்ளின் கேட்டை அவர்களுக்கு எந்த மருத்துவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்துச் சோறு அதற்கு முன்பே மருத்துவர்களின் கண்ணில் பட்டது. தீட்டிய வெள்ளை அரிசியை உண்டவர்களைப் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிதாக இருந்ததை, நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் 1907இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். அங்கே காத்தது அரிசியில் தங்கிய வைட்டமின். பாக்டீரியாவுக்கு அதில் பங்கில்லை.

பாக்டீரியாவின் வேலை, சோற்றில் நீரூற்றி வைத்த பிறகு தொடங்குகிறது. இரவு முழுவதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறி, பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதிலிருந்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் குடல் உயிரணுக்களுக்கு எரிபொருள்.

பிராடன் எழுதிய அதே காலத்தில்தான், பாரிஸ் நகரில் மெச்னிகோவ் என்ற அறிஞர், புளித்த பாலின் பாக்டீரியா ஆயுளை நீட்டிக்கும் என்று வாதிட்டார். 1930இல் ஜப்பானிய மருத்துவர் ஷிரோத்தா ஒரு பாக்டீரியா வகையைப் பிரித்து வளர்த்தார். அதைக் கொண்டு தயாரித்த யாகுல்ட் பானம் 1935இல் விற்பனைக்கு வந்தது. 2004இல் மலேசியாவுக்கும் வந்து சேர்ந்தது. ஏழையின் உணவென்று பழைய சோற்றைக் கைவிட்டவர்கள், அந்தச் சிறு புட்டியைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயிருள்ள நுண்ணுயிர், போதிய அளவு, நிரூபிக்கப்பட்ட நன்மை ஆகிய மூன்றும் இருந்தால்தான் புரோபயாடிக் என்று 2001இல் உலகச் சுகாதார நிறுவன நிபுணர்கள் வரையறுத்தனர். வீட்டுப் பானையில் எந்த வகை, எவ்வளவு என்று அளந்தவர் யார்? அழுக்கு நீரை ஊற்றினால் நோய்க் கிருமியும் சேர்ந்தே வளரும். குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்ற ஆய்வைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மேற்கொண்டதும் இதற்காகத்தான்.