கழற்றிக் கழற்றிக் கட்டின வண்டி

மணலில் ஓடும் 'டியூன் பகி' ஒன்றைக் கட்டச் சொன்னால், பெரிய எஞ்சின், பெரிய ரயர் எண்டுதான் எல்லாரும் தொடங்குவம். 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் செய்தது நேரெதிர். படகு கட்டிப் பழகியவர், அதே பைபர் கிளாஸில் உடலை வார்த்தார். கதவில்லை, கூரையில்லை, பின்னால் வொக்ஸ்வாகன் பீட்டிலின் சின்ன எஞ்சின். பாரம் குறைந்தால் மணலில் புதையாது, அவ்வளவுதான்.

1967இல் அந்தச் சிவப்பு வண்டி மெக்சிக்கோவின் பாஹா பாலைவனத்தை 35 மணித்தியாலத்துக்குள் கடந்து, மோட்டார் சைக்கிள்களின் சாதனையை முறியடித்தது.

பிறகென்ன, எங்கும் நகல்கள். வழக்குப் போட்டார், தோற்றார். கொம்பனியையும் மூடவேண்டி வந்தது. ஆனாலும் இண்டைக்கு எந்த பகியைப் பார்த்தாலும் அவருடைய கோடுதான் தெரியுது. உங்கட கனவு வண்டியைக் கீறும்போது, அந்த மனுசனையும் ஒருக்கா நினையுங்கோ.