கேள்விக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு

ஸ்பானிஷில் ‘ப்ளாந்தேயார்’ என்றொரு வினைச்சொல் உண்டு. கேள்வியையோ யோசனையையோ முன்வைப்பதற்கு அதைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு வரும்போது அது பெரும்பாலும் ‘ரெய்ஸ்’ ஆகிவிடுகிறது. தமிழிலும் கேள்வியை ‘எழுப்புகிறோம்’. ஆனால் அதன் வேர்ச்சொல் ‘ப்ளாந்தா’. உள்ளங்கால், செடி, கட்டடத்தின் தரைப்படம் மூன்றுக்கும் அந்தப் பெயர்தான். வீடு கட்டுமுன் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவாங்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. கணக்கில் சமன்பாட்டை அமைப்பதும் ப்ளாந்தேயார்தான். விடை காண்பது அதற்கப்புறம்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. ஒரு பழைய வழக்கைப் பாருங்கள்.

1511 டிசம்பர் 21, கரீபியக் கடலின் இஸ்பானியோலா தீவு. சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தில் டொமினிக்கன் துறவி அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் பிரசங்கம் செய்தார். கேட்டவர்களில் ஆளுநர் தியேகோ கொலோனும் இருந்தார், கொலம்பஸின் மகன். தைனோ மக்களைப் பங்குபோட்டுச் சுரங்கத்தில் வேலை வாங்கிய குடியேறிகளும் இருந்தார்கள். இவர்களும் மனிதர்கள்தானே, எந்த உரிமையில் அடிமையாக்கினீர்கள் என்பதுதான் துறவியின் கேள்வி. அது திடீர் ஆவேசம் அல்ல. மடத்துத் துறவிகள் கூடி எழுதிக் கையெழுத்திட்ட உரை என்று லாஸ் காஸாஸ் பதிவுசெய்திருக்கிறார்.

அரசின் பதில் 1512இல் புர்கோஸ் சட்டங்களாக வந்தது. 5 மாதம் சுரங்க வேலை என்றால் 40 நாள் ஓய்வு. 4 மாதத்துக்கு மேல் கர்ப்பமான பெண்களைச் சுரங்கத்துக்கு அனுப்பக் கூடாது. ஆட்களைப் பங்குபோடும் ‘என்கொமியெண்டா’ மட்டும் அப்படியே நீடித்தது. கேட்டது ‘எந்த உரிமையில்?’ பதில் வந்ததோ ‘எத்தனை நாள்?’ என்பதற்கு. கோட்டையே நகர்த்திவிட்டார்கள்.

எங்க சாஃப்ட்வேர் உலகத்தில் இது தினசரி நடப்பு. ‘இஷ்யூ ரெய்ஸ்’ பண்ணினால் ஒரு நம்பர் கிடைக்கும். பக்கத்துப் பிரச்சினை எதையாவது சரிசெய்து அதை க்ளோஸ் பண்ணிவிடலாம்.

1550இல் வய்யாதொலித் நகரில், அந்த மக்கள்மீது போர் தொடுப்பது நியாயமா என்று லாஸ் காஸாஸும் சேபுல்வேதாவும் வாதிட்டார்கள். சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தைக் கையில் எடுத்தார் சேபுல்வேதா. 39 வருடம் கழித்தும், இவர்கள் யார் என்ற இடத்திலேயே வாதம் நின்றது. தெளிவான தீர்ப்பு எதுவும் வரவில்லை.

மொந்தேசினோஸ் கேள்வியை ‘ரெய்ஸ்’ செய்தார் என்றால் தப்பில்லை. ஆனால் எழுப்பியது ஓசையாகக் கலைந்துபோகலாம். கோடு போட்டிருந்தால்தான், யார் அதை நகர்த்தினார்கள் என்று பின்னால் வருகிறவர் கேட்க முடியும். ஆகவே ஆங்கிலத்தில் இங்கே ‘ஃப்ரேம்’ என்பேன். தமிழில் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: கேள்வியை வகுத்தார்.